எடுவார்ட் சூஸ்: ஆல்ப்ஸை ஆராய்ந்தவர் நகரமன்றத்தில் சாதித்தது என்ன?

பாறையடுக்கு எழுதியது:

அறிவியல் படித்தவர்கள் அரசியலுக்கு வந்தால்தான் நாடு உருப்படும் என்று ஒரு தரப்பும், வந்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்று மறுதரப்பும் இந்த மன்றத்தின் பல இழைகளில் மோதிக்கொண்டிருக்கின்றன. பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்த மனிதர் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூஸ் (1831–1914). ஆல்ப்ஸ் மலைத்தொடர் எப்படி உருவானது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டில் புதிய திசை காட்டியவர்களில் முதன்மையானவர். அதே வேளையில் பத்தாண்டுகள் வியன்னா நகரமன்றத்திலும், பிறகு கால் நூற்றாண்டுக்கு அருகில் கீழ் ஆஸ்திரிய மாகாண மன்றத்திலும் பேரரசின் நாடாளுமன்றத்திலும் தாராளவாதக் கட்சி உறுப்பினராக அமர்ந்தவர்.

முதலில் வாழ்க்கைச் சுருக்கம். அவர் பிறந்தது லண்டனில். தந்தை சாக்சனியிலிருந்து வந்த கம்பளி வணிகர். தாய் பிராகா நகர வங்கிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் பிராகாவுக்கும், 1845இல் வியன்னாவுக்கும் குடிபெயர்ந்தது. 1848 புரட்சி வெடித்தபோது அவர் பதினேழு வயதை எட்டும் மாணவர். மாணவர் படையில் சேர்ந்தார். புரட்சி ஒடுக்கப்பட்ட பின் 1850இன் இறுதியில் அரசியல் சந்தேகத்தின் பேரில் கைதாகிச் சிறை சென்றார். அரசு நிலவியல் நிறுவனத்தின் தலைவர் ஹைடிங்கர் தலையிட்டதால்தான் வெளியே வர முடிந்தது. இந்த இடையூறால் முறையான பட்டப்படிப்பை அவர் முடிக்கவில்லை. 1852இல் அரண்மனைக் கனிமக் காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பிராக்கியோபாடு என்னும் ஓட்டுயிரிப் புதைபடிவங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர், 1857இல் முனைவர் பட்டம் இல்லாமலேயே வியன்னா பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். பிறகு நிலவியலுக்கு மாறி 1901 வரை கற்பித்தார்.

அரசியலுக்கு அவரை இழுத்துச் சென்றது கட்சியோ மேடையோ அன்று; 1862இல் அவர் வெளியிட்ட 'வியன்னா நகரின் நிலம்' என்ற நூல்தான் என்பது என் கருத்து. நகரின் அடியில் கிடப்பது என்ன என்று அதில் அடுக்கடுக்காகக் காட்டினார். மேலே நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த கட்டட இடிபாடு. அதன்கீழ் வண்டலும் சரளையும். அதற்கும் கீழே நீர் புகாத நீலக் களிமண். மக்கள் குடிக்கும் கிணற்று நீர் அந்தச் சரளை அடுக்கில் நிற்கிறது. வீட்டுக் கழிவுக்குழிகளும் அதே சரளைக்குள்தான் இறங்குகின்றன. மேட்டுப் பகுதியில் இருக்கும் இடுகாடுகளின் ஊறலும் சரிவை ஒட்டி அதே அடுக்கில்தான் வருகிறது. காலராவும் டைபாய்டும் நகரை ஏன் விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றன என்பதைக் கிருமிக் கொள்கை நிலைபெறாத காலத்தில் ஒரு நிலவியல் வரைபடம் எடுத்துக்காட்டியது. மறு ஆண்டே, 1863இல், அவர் நகரமன்ற உறுப்பினரானார்.

மன்றத்தாரிடம் என் கேள்வி இதுதான்: இவருடைய அரசியல் வெற்றி அவருடைய நிலவியலால் வந்ததா, அல்லது அந்தக் காலத்துச் சூழலால் வந்ததா?

காவிரிக்கரை எழுதியது:

நல்ல இழை. குடிநீர் வழங்கல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், சூஸ் என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருவது வியன்னாவின் முதல் மலையூற்றுக் குழாய்வழிதான். அதன் தொழில்நுட்பப் பக்கத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அப்போது வியன்னாவுக்கு இருந்த வழிகள் மூன்று. ஒன்று, வீட்டுக் கிணறுகள். அவற்றின் கதையை மேலே ஐயா சொல்லிவிட்டார். இரண்டு, 1804இல் கட்டப்பட்ட ஆல்பர்ட் குழாய்வழி. அது சில புறநகர்களுக்கு மட்டுமே எட்டியது. மூன்று, 1840களில் கட்டப்பட்ட பெர்டினாண்ட் குழாய்வழி. அது டான்யூப் கால்வாயின் கரைச் சரளையில் வடிந்த நீரை நீராவி இயந்திரத்தால் ஏற்றித் தந்தது. நகரம் வளர வளர எதுவும் போதவில்லை. இதே ஆற்று நீரை இன்னும் அதிகமாக எடுத்து வடிகட்டித் தந்தால் போதும் என்று சொன்னவர்கள் பலர். செலவைப் பார்த்தால் அது நியாயமான யோசனைதான்.

சூஸ் இடம்பெற்ற நீர்வழங்கல் ஆணைக்குழு 1864இல் அளித்த அறிக்கை வேறு திசையைக் காட்டியது. நகருக்குத் தென்மேற்கே ஷ்னேபெர்க், ராக்ஸ் என்ற இரண்டு சுண்ணாம்பு மலைகள் இருக்கின்றன. இவற்றின் மேற்பரப்பில் ஓடைகள் அதிகம் இல்லை. மழையும் உருகும் பனியும் பாறை வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கிவிடுகின்றன. சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீர் புகாத களிப்பாறை அடுக்கு ஒன்று இருப்பதால், உள்ளே போன நீர் மலையடிவாரத்தில் சில இடங்களில் மட்டும் பெரும் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. ஹோலென்டால் பள்ளத்தாக்கில் உள்ள கைசர்புருன் ஊற்றும், ஸ்டிக்ஸென்ஸ்டைன் ஊற்றும் அப்படிப்பட்டவை. முதலாவது பேரரசருக்கும் இரண்டாவது ஒரு பிரபு குடும்பத்துக்கும் உரியவை. இரண்டையும் நகருக்குக் கொடையாகவே பெற்றார்கள்.

கைசர்புருன் ஊற்று கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நகரின் ஓரத்தில் ரோசன்ஹ்யூகல் நீர்த்தேக்கம் 250 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. இடையில் 90 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இந்த உயர வேறுபாட்டை மட்டும் நம்பி, ஒரு பம்பும் இல்லாமல், மலைச்சரிவில் சுரங்கமாகவும் சமவெளியில் மூடிய கல் வாய்க்காலாகவும் பள்ளங்களில் வளைவுப் பாலங்களாகவும் நீரைக் கொண்டுவந்தார்கள். பாடன், மியோட்லிங் ஊர்களில் அந்தப் பாலங்கள் இன்றும் நிற்கின்றன. வாய்க்காலுக்குச் சரிவு அதிகமானால் நீர் கல்லை அரிக்கும், குறைந்தால் தேங்கும். இத்தனை நீளத்துக்கு அந்தச் சரிவை மட்டக்கருவி கொண்டு பிசகாமல் இறக்கியது, நான் பணியில் இருந்த காலத்தில்கூடச் சாதாரணமாகச் செய்துவிடக்கூடிய வேலை அன்று. 1870இல் வேலை தொடங்கி, 1873 அக்டோபர் 24 அன்று ஷ்வார்சன்பெர்க் சதுக்கத்தின் உயர்பீச்சு நீரூற்றைப் பேரரசர் முன்னிலையில் திறந்து வைத்தார்கள். அதே ஆண்டு கோடையில் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது காலரா வந்து நகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் திறப்பு விழாவின் பொருள் விளங்கும்.

மறுபக்கம் எழுதியது:

இருவரும் பக்திப் பெருக்கில் எழுதியிருக்கிறீர்கள். சில மாறுபாடான செய்திகளை வைக்கிறேன்.

முதலாவது, குழாய்வழியை விரிவாகத் திட்டமிட்டவர் கார்ல் யுங்கர் என்ற பொறியாளர். ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் அன்டோனியோ கப்ரியெல்லி. நகர மேயர்கள் செலின்காவும் ஃபெல்டரும் பின்னால் நிற்காமல் இருந்திருந்தால் பணமே ஒதுக்கப்பட்டிருக்காது. இத்தனை பேரின் உழைப்பை ஒரு பேராசிரியரின் பெயரில் எழுதுவது நம் ஊரில் அணைக்கட்டின் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயரை மட்டும் செதுக்குவதற்கு ஒப்பானது.

இரண்டாவது, ஆணைக்குழுவின் கணக்கு குளிர்காலத்தில் பொய்த்தது. மலை உறைந்துபோகும் மாதங்களில் இந்த ஊற்றுகளின் வரத்து வெகுவாகக் குறைகிறது. திறப்பு விழா முடிந்த சில ஆண்டுகளிலேயே நகரம் தட்டுப்பாட்டைச் சந்தித்து, 1878இல் பொட்ஷாக் என்ற இடத்தில் நிலத்தடி நீரைப் பம்பு வைத்து இறைத்து அதே வாய்க்காலில் சேர்க்க வேண்டியதாயிற்று. பம்பு இல்லாத குழாய்வழி என்ற பெருமை அவ்வளவு நாள்தான் தாங்கியது. மலையை முழுதும் அறிந்த நிலவியலாளர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்றாவது, நகரமன்றத்துக்கு அன்று வாக்களித்தவர்கள் வரி கட்டும் ஒரு சிறு பிரிவினர் மட்டுமே. அப்படிப்பட்ட மன்றத்தில் அறிஞர் ஒருவர் செல்வாக்குப் பெறுவது எளிது. வாக்குரிமை விரிந்த பிறகு என்ன ஆனது என்பதைப் பின்னர் எழுதுகிறேன்.

பாறையடுக்கு எழுதியது:

யுங்கரின் பங்கையும் கப்ரியெல்லியின் பங்கையும் யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொறியாளரிடம் "இங்கிருந்து இங்கே கொண்டுவா" என்று சொல்வதற்கு முன்னால் "எங்கிருந்து" என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்காக நகரமன்றத்தில் வாதாடியாக வேண்டும். ஆற்று நீரை வடிகட்டுவதா, வியனர் நியூஸ்டாட் சமவெளியின் நிலத்தடி நீரை எடுப்பதா, மலைக்குப் போவதா என்ற மூன்று வழிகளையும் ஒப்பிட்டு, ஊற்று ஊற்றாகச் சென்று வெப்பநிலையும் கடினத்தன்மையும் வரத்தும் அளந்து அறிக்கையாக்கியதுதான் அந்த ஆணைக்குழுவின் வேலை. அதை மன்றத்துக்கு விளக்கிச் சொல்லி வாக்கைப் பெற்றவர் சூஸ்.

குளிர்கால வரத்துக் குறைவு உண்மை. ஆனால் ஆணைக்குழு இந்த வழியைத் தேர்ந்தது நகரம் விரிவடைவதற்கு முந்தைய மக்கள்தொகையை வைத்து. வீட்டுக்கு வீடு குழாய் வந்தவுடன் ஆளுக்குச் செலவாகும் நீரின் அளவும் கூடியது. பொட்ஷாக் பம்பு ஒரு துணை ஏற்பாடு. பின்னர் ஹோலென்டாலின் மேற்பகுதி ஊற்றுகளும் இணைக்கப்பட்டன. குழாய்வழியின் அடிப்படை தவறென்று அதிலிருந்து கொள்ள முடியாது. டைபாய்டு இறப்புகள் புதிய நீர் வந்தபின் கண்கூடாகச் சரிந்ததை நகரின் சுகாதாரப் பதிவுகளே காட்டின.

வடமராட்சியான் எழுதியது:

எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் இத்துறையைப் புவிச்சரிதவியல் என்றே படித்தோம். அந்தப் பழக்கத்தில் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணைமார் நீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆல்ப்ஸைப் பற்றி அவர் சொன்ன புதுமை என்ன என்பதை எனக்கு யாராவது விளங்கச் சொல்ல வேண்டும். கோண்டுவானா என்ற பெயரையும் அவரோடு தொடர்புபடுத்திக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பாறையடுக்கு எழுதியது:

விரிவாகவே சொல்கிறேன் தம்பி, ஏனென்றால் அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ளவும் இது உதவும்.

சூஸுக்கு முன் பரவலாக ஏற்கப்பட்டிருந்த கருத்து, மலைகள் கீழிருந்து மேல்நோக்கி எழும்பியவை என்பது. பூமியின் ஆழத்திலிருந்து உருகிய பாறை மேலேறி நடுவில் ஒரு முதுகெலும்பாக நின்று, இருபுறமும் இருந்த அடுக்குகளைச் சமச்சீராக ஒதுக்கித் தள்ளிவிட்டது என்று நம்பினார்கள். லியோபோல்ட் ஃபான் பூக் இதன் முதன்மைப் பேச்சாளர். சூஸ் 1875இல் 'ஆல்ப்ஸின் தோற்றம்' என்ற நூலை வெளியிட்டார். அளவில் சிறியதுதான். ஆல்ப்ஸில் சமச்சீர் எதுவும் இல்லை என்பதே அதன் மையமான செய்தி. வடபுறத்தில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து நெருக்கப்பட்டுக் கிடக்கின்றன. தென்புறத்தில் உடைந்து கீழிறங்கிக் கிடக்கின்றன. தரையில் விரித்த பாயை ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால் அது மறுபக்கம் சுருண்டு மடிவது போல, மலைத்தொடர் முழுவதும் கிடைமட்டமாக வடக்கு நோக்கித் தள்ளப்பட்டிருக்கிறது என்றார். பிரான்சின் மத்தியப் பீடபூமி, வோஸ்ஜ் மற்றும் கருங்காட்டு மலைகள், பொகீமியப் பாறைத்திண்டு ஆகிய பழைய கெட்டியான நிலப்பகுதிகள் குறுக்கே நின்றதால்தான் ஆல்ப்ஸ் வளைந்து வளைந்து போகிறது என்றும் விளக்கினார்.

ஆல்ப்ஸ் முடிந்து கார்பேத்தியன் மலைகள் தொடங்கும் இடையில் நிலம் உடைந்து இறங்கிய பள்ளத்தில்தான் வியன்னா அமர்ந்திருக்கிறது. அந்த உடைவுக்கோட்டின் ஓரத்தில் பாடன் போன்ற ஊர்களில் வெந்நீர் ஊற்றுகள் வருகின்றன. 1873இல் நிகழ்ந்த நில நடுக்கத்தை ஒட்டிக் கீழ் ஆஸ்திரியாவின் நடுக்கங்களையெல்லாம் தொகுத்து, அவை குறிப்பிட்ட கோடுகளின் மேல் வரிசையாக அமைவதையும் அவர் காட்டினார். உயிர்க்கோளம் என்ற கருத்தையும் 1875 நூலில்தான் முதன்முதலாக ஒரு பெயரிட்டு வைத்தார். அரை நூற்றாண்டு கழித்து ரஷ்ய அறிஞர் வெர்னாட்ஸ்கி அதை விரித்து வளர்த்தார்.

இனி கோண்டுவானா. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியை வைத்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மெட்லிகாட் 1872இல் அங்குள்ள பாறைத்தொகுதிக்குக் கோண்டுவானா என்று பெயரிட்டிருந்தார். ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரி வயல்களில் கிடைக்கும் குளோசாப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலைப் புதைபடிவம் தென்னாப்பிரிக்காவிலும் கிடைப்பதைக் கண்ட சூஸ், இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா ஆகியவை ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்று தம் பெருநூலான 'பூமியின் முக'த்தின் முதல் தொகுதியில் எழுதி, அந்த நிலத்துக்குக் கோண்டுவானா நிலம் என்று பெயர் வைத்தார். அந்நூலின் வெளியீடு 1883இல் தொடங்கி 1909இல்தான் முடிந்தது. இடையில் 1893இல், ஆல்ப்ஸிலும் இமயத்திலும் மடிந்து கிடக்கும் கடற்படிவுகளெல்லாம் மறைந்துபோன ஒரே பெருங்கடலில் படிந்தவை என்று சொல்லி அதற்கு டெத்திஸ் என்று பெயரிட்டார். தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூர், சிவகங்கை, திருச்சி மாவட்டத்து ஊட்டத்தூர் ஆகிய இடங்களின் செடிப் புதைபடிவப் படுகைகளை மேல் கோண்டுவானா என்று வகைப்படுத்தி வந்திருப்பது இந்தப் பெயர் மரபின் தொடர்ச்சியே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்டங்கள் நகர்ந்தன என்று சூஸ் சொல்லவில்லை. பூமி குளிர்ந்து சுருங்குகிறது, அதனால் நிலப்பகுதிகள் உடைந்து இறங்குகின்றன, கோண்டுவானாவின் இடைப்பகுதிகள் அப்படித்தான் கடலுக்குள் போயின என்பதே அவர் கொள்கை. வெகனர் 1912இல் கண்ட நகர்வைப் பேசத் தொடங்கியபோது சூஸுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. காரணம் சொன்னதில் அவர் தவறினார். ஒன்றாக இருந்தவை எவை என்று கண்டதில் பெரும்பாலும் தவறவில்லை.

வடமராட்சியான் எழுதியது:

மிக்க நன்றி அண்ணை. நிலம் கடலுக்குள் போனது என்றால் அது இலெமூரியா, குமரிக்கண்டம் என்று நம்மவர்கள் சொல்வதற்கு ஆதாரமாகுமா?

நெறியாளர் எழுதியது:

இலெமூரியா என்பது 1864இல் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் குரங்கினங்களின் பரவலை விளக்க வைத்த கருதுகோள். அது சூஸின் கோண்டுவானாவுக்கு முந்தையது. இரண்டிலும் நிலம் அமிழ்ந்தது என்ற கூறு இருப்பது உண்மை. அந்தக் கூறுதான், பூமியின் மேலோடு நகரும் தட்டுகளால் ஆனது என்ற கொள்கை வந்தபின் கைவிடப்பட்டது. கோண்டுவானா உடைந்தது மனித இனம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பு. குமரிக்கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது. உறுப்பினர்கள் அங்கே தொடரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாணயசாலை எழுதியது:

எல்லோரும் தொடாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. சூஸ் பணப் பொருளாதாரத்திலும் தலையிட்டவர். 1877இல் 'பொன்னின் எதிர்காலம்', 1892இல் 'வெள்ளியின் எதிர்காலம்' என்று இரண்டு நூல்கள் எழுதினார்.

பின்னணி இதுதான். 1871க்குப் பிறகு ஜெர்மனி பொன் நாணய முறைக்கு மாறியது. பிற நாடுகளும் பின்தொடர, வெள்ளியின் விலை சரியத் தொடங்கியது. ஆஸ்திரியாவோ வெள்ளியை அடிப்படையாகக் கொண்ட நாடு. எல்லா நாடுகளும் பொன்னுக்கு மாறினால் அதற்கு வேண்டிய பொன் பூமியில் இருக்கிறதா என்று நாடாளுமன்றத்தில் எந்த வழக்கறிஞரும் கேட்க மாட்டார். நிலவியலாளர் கேட்டார். அதுவரை கிடைத்த பொன்னில் பெரும்பங்கு ஆற்று மணலிலும் சரளையிலும் எளிதாக அரித்தெடுத்தது. கலிபோர்னியாவும் ஆஸ்திரேலியாவும் அதற்குச் சான்று. அத்தகைய படிவுகள் விரைவில் தீர்ந்துபோகும்; பாறை நரம்புகளிலிருந்து எடுப்பது செலவு மிகுந்தது; ஆகவே உலகம் முழுவதும் பொன்னை மட்டும் நம்புவது நடவாத காரியம், வெள்ளியையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். இரண்டாவது நூலை அமெரிக்க செனட்டின் நிதிக்குழு மொழிபெயர்த்து 1893இல் அச்சிட்டது. அங்கே வெள்ளிக்காரர்களுக்கும் பொன்காரர்களுக்கும் நடந்த சண்டையில் அது ஓர் ஆயுதமாகியது.

நடந்தது என்ன? 1886இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் பொன் தாங்கிய கூழாங்கல் பாறை கண்டுபிடிக்கப்பட்டது. ஆற்று மணலுமில்லை, வழக்கமான நரம்புமில்லை. அடுத்த ஆண்டே சயனைடு முறை காப்புரிமை பெற்று, தாழ்ந்த தரப் பாறையிலிருந்தும் பொன்னைப் பிரிக்க வழி பிறந்தது. பொன் வரத்து பெருகியது. அவர் இரண்டாவது நூலை எழுதிய அதே 1892இல் ஆஸ்திரிய ஹங்கேரியே பொன்னை அடிப்படையாகக் கொண்ட குரோன் நாணயத்துக்கு மாறியது. நாடாளுமன்றத்தில் அவர் துறை அறிவு அவரைக் காப்பாற்றவில்லை. தெரிந்த பாறைகளை வைத்துத் தெரியாத பாறைகளுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதியதே குறை என்று நினைக்கிறேன்.

மறுபக்கம் எழுதியது:

நாணயசாலை அம்மையார் என் வேலையைப் பாதி முடித்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

சூஸின் அரசியலில் தோல்வியான பகுதி 1880களில் தொடங்குகிறது. அவர் சார்ந்த தாராளவாதிகள் 1873 மே மாதப் பங்குச்சந்தை வீழ்ச்சியிலேயே மக்களின் நம்பிக்கையை இழக்கத் தொடங்கியிருந்தார்கள். வாக்குரிமை சிறிது சிறிதாக விரிந்தபோது, சிறு கடைக்காரர்களும் கைவினைஞர்களும் கார்ல் லூகரின் கிறித்தவ சமூகக் கட்சியின் பின்னால் திரண்டார்கள். அந்தக் கட்சியின் எரிபொருள் யூத வெறுப்பு. சூஸ் சீர்திருத்தக் கிறித்தவராக இருந்தும், தாய்வழியில் யூத வேர் இருந்ததால் அவரையும் அது விடவில்லை. 1888இல் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக, அதாவது தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டவர், மாணவர் குழுக்களின் யூத எதிர்ப்புக் கிளர்ச்சி காரணமாகப் பதவியிலிருந்து விலகினார். 1895 நகரமன்றத் தேர்தலில் தாராளவாதிகள் தோற்றார்கள். பேரரசர் பலமுறை ஏற்க மறுத்த பிறகு 1897இல் லூகர் மேயரானார். அதே காலத்தில் சூஸ் நாடாளுமன்ற வாழ்க்கையை முடித்துக்கொண்டார்.

தண்ணீர் தந்த மனிதரை நகரம் ஏன் கைவிட்டது? அவர் கட்சியிடம் வீட்டு வாடகைக்கும் வேலையின்மைக்கும் பதில் இல்லை என்பதால்தான். பாறை அடுக்கைப் படித்தவருக்கு வாக்காளர் அடுக்கைப் படிக்கத் தெரியவில்லை.

காவிரிக்கரை எழுதியது:

அப்படி ஒரே வாக்கியத்தில் அடித்துவிட முடியாது, மறுபக்கம் ஐயா. அவர் மாகாணத்தில் கல்வித்துறையை நடத்தியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1869 பள்ளிச் சட்டம் எட்டாண்டுக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்து, பள்ளிகளைத் திருச்சபையின் மேற்பார்வையிலிருந்து பிரித்தது. கீழ் ஆஸ்திரிய மாகாண ஆட்சிக்குழுவில் இருந்து அதை நடைமுறைப்படுத்தியவர்களில் சூஸ் முக்கியமானவர். பின்னாளில் பள்ளிகளை மீண்டும் சமயக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுபோக முயன்றபோது நாடாளுமன்றத்தில் அவர் கடுமையாக எதிர்த்தார். அதில் பாறையறிவுக்கு வேலையே இல்லை. அவரது கொள்கைப் பிடிப்புதான் பேசியது.

டான்யூப் சீரமைப்பையும் யாரும் சொல்லவில்லை. வியன்னாவுக்கு அருகில் ஆறு பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் படுகையை மாற்றிக்கொண்டிருந்தது. 1830இல் பனிக்கட்டி அடைத்தும், 1862இல் மீண்டும் ஒருமுறையும் வெள்ளம் புகுந்து, தாழ்வான லியோபோல்ட்ஸ்டாட் பகுதி மூழ்கியது. சூஸ் குடியிருந்ததும் அந்தப் பகுதியில்தான். பழைய படுகையையே கரை கட்டித் திருத்துவதா, புதிதாக நேர்ப்படுகை வெட்டுவதா என்ற விவாதத்தில் அவர் புதிய வெட்டின் பக்கம் நின்றார். 1870 முதல் 1875 வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுப்படுகை வெட்டப்பட்டது. சூயஸ் கால்வாயில் மண் அள்ளிய பிரெஞ்சு ஒப்பந்தக்காரர்களே தங்கள் இயந்திரங்களோடு வந்து செய்தார்கள். இடக்கரையில் வெள்ளம் பரவுவதற்கென்றே 450 மீட்டர் அளவுக்கு அகலமான திறந்தவெளியை விட்டுவைத்தார்கள். துண்டிக்கப்பட்ட பழைய வளைவுதான் இன்று மக்கள் நீந்தி மகிழும் பழைய டான்யூப் ஏரி. 1954 வெள்ளத்தில் இந்த ஏற்பாடும் போதாமல் போனது. பிறகு அந்தத் திறந்தவெளியிலேயே 1972 முதல் 1988 வரை புதிய டான்யூப் என்ற இரண்டாவது வாய்க்காலை வெட்டினார்கள். 1870களில் அந்த நிலத்தைக் கட்டடத்துக்கு விற்காமல் விட்டுவைத்ததால்தான் நூறாண்டு கழித்து வெட்ட இடம் கிடைத்தது. நம் ஊர்களில் ஏரிப் புறம்போக்குக்கு நேர்ந்த கதியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வடமராட்சியான் எழுதியது:

ஒரு சிறு செய்தி சேர்க்கிறேன். அரசியலை விட்ட பிறகும் அவர் ஓயவில்லை. 1898 முதல் 1911 வரை வியன்னா அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். ரேடியத்தைத் தேடிக்கொண்டிருந்த கியூரி தம்பதியருக்கு, பொகீமியாவின் யோகிம்ஸ்டால் சுரங்கத்தில் யுரேனியம் பிரித்தபின் எஞ்சிக் கிடந்த பிட்ச்பிளெண்டு என்ற தாதுவின் கழிவை ஆஸ்திரிய அரசிடமிருந்து பெற்றுத்தர உதவியவர் அவரே. மகன் ஃபிரான்ஸ் எடுவார்டும் புவிச்சரிதவியலாளர். பேரன் ஹான்ஸ் சூஸ், நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் வளிமண்டலத்தில் கதிரியக்கக் கார்பனின் விகிதம் குறைவதைக் கண்டறிந்தவர். அது இன்றும் சூஸ் விளைவு எனப்படுகிறது.

மறுபக்கம் எழுதியது:

நல்லது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வியன்னாவின் இரண்டாவது மலையூற்றுக் குழாய்வழியைக் கட்டியது யார்? லூகரின் நகராட்சி. ஹோக்‌ஷ்வாப் மலைத்தொகுதியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் கொண்டுவந்து 1910 டிசம்பரில் திறந்தார்கள். லூகர் அதே ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டிருந்தார். நிலவியலாளரே இல்லாத நிர்வாகம், மேலும் நீளமான, மேலும் பெரிய குழாய்வழியைக் கட்டி முடித்தது. அப்படியானால் அறிவியலாளர் பதவியில் அமர்ந்திருக்க வேண்டிய தேவை என்ன? ஆலோசனை சொன்னால் போதாதா?

பாறையடுக்கு எழுதியது:

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. இரண்டாவது குழாய்வழிக்குத் தீர்மானம் போட்டவர்கள் முன்னால் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த முதல் குழாய்வழி இருந்தது. மலை நீர் நகருக்கு வரும், நோய் குறையும், செலவு தாங்கும் என்பதெல்லாம் அதற்குள் வியன்னாவின் எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த செய்தி. 1864இல் அப்படியில்லை. அன்று மன்றத்தில் இருந்தவர்களிடம் இருந்தது ஓர் அறிக்கையும், அதை எழுதியவரின் குரலும்தான். ஆலோசகராக மட்டும் இருந்திருந்தால் அறிக்கையைக் கொடுத்துவிட்டு வெளியே நின்றிருப்பார். ஆற்று நீர்க்காரர்களின் மறுப்புக்குக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பதில் சொல்லும் உரிமை அவருக்கு இருந்திருக்காது. அந்த உரிமை உறுப்பினருக்கே உண்டு.

பொன் விஷயத்திலும் வாக்காளர் விஷயத்திலும் நீங்களும் நாணயசாலையும் சொன்னது சரியே. அளந்து பார்க்கக்கூடிய ஊற்றும் ஆறும் கண்ணெதிரே இருந்தபோது அவர் அரசியல் வென்றது. இருப்பு எவ்வளவு என்று யாருமே அளக்க முடியாத பொன்னிலும் மனிதர்களின் வெறுப்பிலும் தோற்றது.

காவிரிக்கரை எழுதியது:

நடைமுறைச் செய்தி ஒன்றோடு இதை முடித்துக்கொள்கிறேன். இன்றும் வியன்னாவின் குடிநீர் ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு குழாய்வழிகளில்தான் வருகிறது. வறட்சியிலும் பராமரிப்பு நாட்களிலும் மட்டும் லோபாவ் போன்ற இடங்களின் நிலத்தடி நீரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊற்றுகளைச் சூழ்ந்த காடுகளையும் சரிவுகளையும் நகராட்சியே பெருமளவில் வாங்கி, தன் வனத்துறையைக்கொண்டு காத்து வருகிறது. சுண்ணாம்பு மலையில் மேலே கொட்டப்படும் அழுக்கு வடிகட்டப்படாமல் வெகு விரைவில் ஊற்றுக்கு வந்துவிடும் என்பதால் அது அவசியம். இரண்டாவது குழாய்வழியில் இறங்கும் நீரின் விசையைக்கொண்டு வழியில் மின்சாரமும் எடுக்கிறார்கள். மறுபக்கம் ஐயா கேட்டபடி பெருமையை யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியாது. ஆனால் யுங்கர், கப்ரியெல்லி பெயர்களை அவர் எடுத்துச் சொன்னது நியாயம். ஷ்வார்சன்பெர்க் சதுக்கத்து நீரூற்றருகே மார்பளவுச் சிலை சூஸுக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.